காத் கட்டுக்குள் போன பனிக்கட்டி

போருக்கு முன்பு தாயிஸ் நகரப் பள்ளிகளில் தடுப்பூசி போட்டவள் இஃப்திகார். இப்போது மேட்டுத் தெருக் குழந்தைகளுக்கான தட்டம்மைத் தடுப்பு மருந்துப் பெட்டியோடு, சண்டையிடும் இரு அணிகளின் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். அவள் தாண்டியதும் பின்னால் ஓர் அணியினர் தங்கள் சாவடியை அடைத்துவிட்டார்கள். முன்னால் இருந்த மற்ற அணியின் சாவடியில், துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு கன்னம் புடைக்கப் போதை தரும் காத் இலையை மென்றுகொண்டிருந்தான் நுஃமான்.

"பெட்டியத் தொற, அக்கா."

"தொறந்தா குளிர் போயிடும் தம்பி, மருந்து கெட்டுடும்."

"வெயில்ல என் இலையும்தான் வாடுது!"

சிரித்துக்கொண்டே அவன் பெட்டியிலிருந்த பனிக்கட்டிகளை எடுத்துத் தன் காத் கட்டுக்குள் செருகிக்கொண்டான். மேலிடத்து உத்தரவு வரும்வரை அவளை வெயிலில் உட்காரவைத்தான். உத்தரவு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மருந்துக் குப்பிகள் கையில் சுட்டன.

"இப்பப் போக்கா. மேட்டுத் தெருவுல மொத வீடு என்னுது. என் மக அரீஜுக்கு மொதல்ல போட்டுடு."

"எதப் போட? ஐஸத்தான் உன் இலைக்குக் குடுத்துட்டியே, மருந்து செத்துப்போச்சு."

நுஃமானின் வாய் மெல்வதை நிறுத்தியது. "அப்போ திரும்பிப் போய் வேற எடுத்துட்டு வாயேன்."

இஃப்திகார் பின்னால் அடைத்திருந்த சாவடியைக் காட்டினாள். அங்கிருந்தவர்கள் அவன் தலை தெரிந்தாலே சுடுபவர்கள்.

"நீயே போய் அதத் தொறக்கச் சொல்லு. தொறந்தா நான் போய் எடுத்துட்டு வரேன்."