அண்டாவுக்குள் அத்தை

கோவளம் கடலில் முதல் முறையாக அடிவரை முங்கி எழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வயது நாற்பத்தொன்று. கூட முங்கியவள் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரி. ஆறு வாரம் அடையாறு நீச்சல்குளம் ஒன்றில் சிலிண்டரும் முகமூடியுமாகப் பழகிவிட்டுத்தான் கடலுக்குப் போனோம். கடலடியில் ஒரு திருக்கை மீன் எங்கள் கண்ணெதிரே மணலை உதறிவிட்டு எழுந்து போனது. அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் சிரிப்பு. திரும்பி வரும் வழியில் சிக்னலில் நின்ற பேருந்தைப் பார்த்துச் சிரித்தோம். பேருந்துக்குள் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கும் சிரித்தோம்.

சாமான்களை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். "உப்பு காஞ்சுதுன்னா ரப்பர் போச்சு, ஜிப் போச்சு" என்று பயிற்சியாளர் ஆயிரம் முறை சொல்லியிருந்தார். ராயப்பேட்டையில் அவள் வீட்டு போர் தண்ணீரே பாதிக் கடல். அதனால் தி. நகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடி என்று முடிவாயிற்று. என் கணவர் வீட்டாருக்குப் பாத்திரக் கடை. திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே கடை போட்டவர்கள். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போய்வரும் பெரிய அண்டா ஒன்று எப்போதும் மாடியில் கவிழ்ந்து கிடக்கும். ஓர் ஆள் உள்ளே உட்காரலாம்.

ஒரே சிக்கல், அத்தை. என் மாமியார். நீச்சல் கற்றுக்கொள்கிறேன் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. அன்று அவர் அசோக் நகரில் மகள் வீட்டில் இருந்தார். சாயங்காலம்தான் வருவார். அதற்குள் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துவிடலாம் என்பது என் கணக்கு.

மறுநாள் குளத்தில் பயிற்சி இருந்ததால் பாதிக் காற்று மிச்சமிருந்த ஒரு சிலிண்டரை எங்களிடமே கொடுத்தனுப்பியிருந்தார்கள். வாட்ச்மேன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார்.

"இன்னாக்கா இது, ஆக்சிஜனா? வூட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

பதில் சொல்ல வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது. "சிரிச்சிக்கினு கீறீங்க, அப்போ பெருசா ஒண்ணுமில்ல" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

அண்டாவை நிமிர்த்தி, குழாயைத் திறந்துவிட்டு, உடம்போடு ஒட்டும் அந்தக் கறுப்பு ரப்பர் உடைகளை உள்பக்கம் வெளியே திருப்பி முக்கினோம். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே? கீழ ரொம்பக் குளிரா இருந்துச்சா... அடக்க முடியலடி."

"நீயுமா?"

அண்டா விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் மாடிக் கதவு படாரென்று திறந்தது. அத்தை. முன்னதாகவே திரும்பியிருந்தவர் மூச்சு வாங்க, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"யாருக்குட்டி என்ன ஆச்சு? ஆக்சிஜன் மேல போயிருக்குன்னு வாட்ச்மேன் சொல்லுதான்!"

"ஆக்சிஜன் இல்ல அத்தை. வெறும் காத்து."

"காத்தையா அடைச்சுத் தூக்கிட்டு வந்திருக்கிய?"

யாருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அண்டாவுக்குள்ளிருந்து என் உடையைத் தூக்கிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். "என்னட்டி, மூத்திர வாடை அடிக்கு?"

தோழி தரையில் உட்கார்ந்தே விட்டாள். எனக்குச் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அந்த நிலையில் எந்தப் பொய்யும் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடல், நாற்பது அடி, திருக்கை.

அத்தை உடையை அண்டாவுக்குள்ளேயே போட்டார். "சொல்லிட்டுப் போகணும்னு தோணலியா?"

"பயப்படுவீங்கன்னுதான்..."

"பயப்படத்தான் செய்வேன். அதுக்காவச் சொல்லாம போவியா?"

என் சிரிப்பு நின்றது. மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவர் பார்வை, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரின் மேல் விழுந்தது. உள்ளே தண்ணீர் போகாமல் இருக்க அதைச் சிலிண்டரில் மாட்டி, காற்றைத் திறந்துவைத்துத்தான் கழுவுவோம். வாயில் கடித்துக்கொள்ளும் பகுதி உஸ்ஸென்று ஒருமுறை சீறியது.

"இத வச்சா மூச்சு விடுவிய? காமி."

தோழியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்டாவைச் சாய்த்துத் தண்ணீர் முழுவதையும் கொட்டினோம். நன்றாகத் தேய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தோம். ஏன் என்று அத்தை கேட்காதது எங்கள் அதிர்ஷ்டம். முந்தானையை இடுப்பில் செருகி, கொண்டையை இறுக்கி முடிந்து, முகமூடியை மாட்டி, ரெகுலேட்டரை வாயில் கடித்துக்கொண்டு அண்டா அருகே முட்டிபோட்டார். முகத்தை முக்கியவர் அடுத்த நொடியே எழுந்துவிட்டார்.

"அடக்கிட்டேம்ட்டி. திருச்செந்தூர்ல முங்குன பழக்கம்."

"மூச்ச மட்டும் அடக்கவே கூடாது அத்தை. முதல் பாடமே அதான்."

"தண்ணிக்குள்ள மூச்சு விடச் சொல்லுதா, கேட்டியளா!" என்று தோழியிடம் முறையிட்டுவிட்டு மறுபடி குனிந்தார்.

முதலில் ஒரு குமிழி. பிறகு கொத்துக் கொத்தாக. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டாயிற்று. தலை எழவில்லை. தோழி பதறிப்போய் அவர் தோளைத் தொட்டாள். வெளியே இருந்த கை, போங்கடி என்பதுபோல் எங்களை விரட்டியது. அடுத்து அண்டாவுக்குள்ளிருந்து ஒரு விசித்திரமான சத்தம், குமிழியும் குரலும் கலந்து. அத்தை தண்ணீருக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

எழுந்தபோது முகத்தில் முகமூடியின் அச்சு வட்டமாகப் பதிந்திருந்தது. "நம்ம மூச்சு நமக்கே கேக்குட்டி" என்றார். மறுபடி முங்கிவிட்டார். அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை விடவில்லை. மறுநாள் பயிற்சிக்கு வைத்திருந்த காற்று மொத்தமும் காலி.

அதன்பின் கழுவும் வேலை அவர் கைக்குப் போனது. மிதவைச் சட்டைக்குள் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து வடித்தார். ஜிப்பின் ஒவ்வொரு பல்லையும் பழைய பல்துலக்கியால் தேய்த்தார். தோழி உடையை வெயிலில் விரிக்கப் போனதும் ஒரு அதட்டல்.

"குக்கர் வளையத்த வெயில்ல போடுவாளா எவளாவது? ரப்பர் வெடிக்காதா? நெழல்ல போடு."

பயிற்சியாளர் எங்களுக்கு ஒரு மணி நேரம் விளக்கிய விஷயம் அது.

சாயங்காலம் கணவர் கடையிலிருந்து வந்தபோது அத்தை திருநெல்வேலிக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். முதல் அழைப்பில் அண்டா இருந்தது. இரண்டாவதில் "தண்ணிக்குள்ள போனேன்" என்று சுருங்கிவிட்டது. மூன்றாவது அழைப்பில் கோவளம் வந்துவிட்டது.

"மீன் வந்துச்சான்னா கேக்க? வராம இருக்குமா? ரெண்டு மூணு வந்துச்சு" என்றார் அத்தை. "பெருசு ஒண்ணுமில்ல."

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.