வாசலில் காய்த்த பூசணி

காட்டைச் சுற்றிக் காட்டுகிற வேலை வெளியிலிருந்து பார்த்தால் சுகமாகத்தான் தெரியும். எதையாவது காட்டிப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். முன்பு தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை விரித்துக் காட்டினேன். இப்போது அடையாறு ஆற்றோரம், போல்ட்டு நட்டு செய்த ஆலை மூடிப்போன இடத்தில் தானாக வளர்ந்த காட்டை ஞாயிறு காலைகளில் காட்டுகிறேன். சேலையாவது எடுத்துப் போட்ட இடத்தில் கிடக்கும். பறவைகள், ஆள் வருவது தெரிந்தால் ஒட்டுமொத்தமாக லீவு போட்டுவிடும்.

வருகிறவர்கள் "சூப்பர் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மறுபடி தலை காட்ட மாட்டார்கள். பொங்கலுக்குள் ஒருத்தராவது இரண்டாவது தடவை வராவிட்டால் ஞாயிறு நடையை நிறுத்திவிடுவேன் என்று எங்கள் மேனேஜர் சொல்லிவிட்டார். நடை நின்றால் நான் மறுபடி சேலை விரிக்கப் போக வேண்டியதுதான். எனக்கோ இந்த இடத்தை விட்டுப் போக மனசே இல்லை.

காடு எங்கே?

அசோக் நகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எலுமிச்சை சாதம், தொப்பி, கொசு மருந்து, விரிக்கப் பாய். விட்டால் கூடாரமே அடித்திருப்பார்கள். மெஷின் மேடையைப் பிளந்துகொண்டு வளர்ந்த ஆலமரம், ஆலையின் தண்ணீர்த் தொட்டியில் அல்லி, அதன் ஓரத்தில் மீன்கொத்தி என்று தொண்டை வற்றக் காட்டினேன். குடும்பத் தலைவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், எல்லாவற்றையும் படமெடுத்தார். நடை முடிந்து வாசலுக்கு வந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "சரி மேடம், கிளம்பலாமா? காடு இங்கேருந்து எவ்ளோ தூரம்?"

புகைபோக்கிப் பிரதட்சிணம்

ஆலையின் புகைபோக்கி இன்னும் நடுக்காட்டில் நிற்கிறது. பாதை அதை இடமாகச் சுற்றிப் போகும். யாரோ புண்ணியவான் அதற்குக் குங்குமம் வேறு வைத்துவிட்டான். மயிலாப்பூரிலிருந்து வந்த மாமா ஒருவர் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "அப்பிரதட்சிணமா நான் வரமாட்டேன்" என்றார். "மாமா, அது சாமி இல்லை, புகைபோக்கி" என்று கெஞ்சினேன். காதிலேயே போட்டுக்கொள்ளாமல் வலப்பக்கமாகத் தனியே நடந்தார்.

நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதுங்கிப் பதுங்கிப் போனோம். ஓர் ஓணான்கூடக் கண்ணில் படவில்லை. பாதி வழியில் மாமா எதிரே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "நான் வலமா வந்தேன், கீரிப்பிள்ளை தரிசனம் கிடைச்சுது. இடமா வந்த உங்களுக்கு நான்தான் கிடைச்சேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம்

செல்வி என்று ஒரு அம்மா வந்தார், என் வயதுதான் இருக்கும். இந்த ஆலை மதிலை ஒட்டி ஆற்றோரம் குடியிருந்தவர். வீடுகளை எடுத்தபோது ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வந்ததிலிருந்து குறைதான். பாதையில் கல், உட்கார இடமில்லை, டீ இல்லை. மதிலை ஒட்டிய தொட்டிக் கரைக்கு வந்ததும் குரல் இறங்கியது. அல்லிப் பூக்களையும் கொக்குகளையும் ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தச் செவுத்து மேலதான் துணி காயப்போடுவேன். உள்ள இன்னா கீதுன்னு ஒருநாளும் பாத்ததில்ல" என்றார். அடுத்த நிமிடமே அவர் பழைய குரலுக்கு வந்துவிட்டார்: "இதுக்கா அம்மாம் பெரிய பூட்டு போட்டு வெச்சிருந்தானுங்க?"

யாருடைய காய்?

ஆலை ஓடிய காலத்திலிருந்தே ஆயுத பூஜைக்கு வாசலில் திருஷ்டிப் பூசணி உடைப்பது வழக்கம். ஆலை போன பிறகும் வாட்ச்மேன் விடவில்லை. சிதறிய விதையில் ஒரு கொடி முளைத்து, மழையில் மதிலேறி, ஒரே ஒரு காய் விட்டிருந்தது. காட்டுக்குச் சம்பந்தமில்லாத செடி, பிடுங்கு என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அன்று நடை முடிந்து திரும்பும்போது செல்வி அதில் கை வைத்தார். இங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்றேன். "ஒடச்சவனும் எடுத்துக்கினு போவல, வெதச்சவன்னு எவனும் இல்ல. அப்ப இது யார்து, நீயே சொல்லு" என்றார். ஒருவழியாகக் காயை விடச் சொல்லி அவரை பஸ் ஏற்றி அனுப்பினேன்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு. இனி பொறுக்க முடியாதென்று மேனேஜரே கொடியைப் பிடுங்க ஆளோடு வந்து நின்றார். இதுதான் என் கடைசி நடை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது தன் நாத்தனார்கள் இருவரோடு செல்வி மறுபடி வந்து சேர்ந்தார். நேராகக் கொடியிடம் போய்க் காயைத் தடவிப் பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "கைய வெச்சுடாத சார். பறிக்கத்தான் வுடல, பாக்கவாச்சும் வாராவாரம் வருவேன்."

மேனேஜர் அவரைப் பார்த்தார், நாத்தனார்களைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "அந்தக் கொடிக்கு ஒரு வேலி போடச் சொல்லும்மா."

ஆலையைக் காப்பாற்ற வருஷா வருஷம் உடைத்த பூசணி ஆலையைக் கைவிட்டுவிட்டு என் வேலையைக் காப்பாற்றியிருக்கிறது.