ஸ்டாப்பர் காப்புக் கட்டிய வருஷம்

செந்தமிழன் ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால், நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரன். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டிய அவன் ஊரில் இதைப் பலருக்கும் பலமுறை விளக்கியிருக்கிறான். அங்கே கபடியும் வாலிபாலும்தான். கால்பந்து ஆடுகிறான் என்றால் எத்தனை கோல் அடித்தாய் என்று கேட்பார்கள். அடிக்கவில்லை என்றால் பாவமாகப் பார்ப்பார்கள்.

உயரத்தைப் பார்த்து விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கிருந்து சென்னை லீக், பிறகு கோவா, பிறகு கொல்கத்தா. அவன் வேகமானவன் இல்லை. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்து அந்த இடத்துக்கு நடந்து போய்விடுவான். வேகமாக ஓடிவரும் பையன்கள் வந்து சேரும்போது அவன் அங்கே நின்றுகொண்டிருப்பான். மண்ணில் விழுந்து சறுக்கிப் பந்தைப் பிடுங்குகிறவர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது. அவனுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒப்பந்தம் கிடைத்தது.

விடுதியிலிருந்து லீவுக்கு வரும்போது துவைக்கக் கொண்டுவந்த பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அவன் அம்மா அத்தாயி கேட்டாள்.

“அழுக்கே இல்லியே சாமி. உன்னய வெளையாட உட்டாங்களா, இல்ல ஓரமா உக்கார வெச்சுட்டாங்களா?”

அப்பா அருணகிரி லாரி டிரைவர். லைனில், வெளியூர் லோடுக்குப் போகிற இடங்களில், ஓட்டல் டிவியில் மகன் ஆடும் ஆட்டம் ஓடினால் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். வெகுநாள் பார்த்தபின் அவருக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது.

“உன்ற மூஞ்சியப் பெருசா காட்டுனாங்கன்னா என்னமோ தப்பாயிருச்சுன்னு அர்த்தம். காட்டாத இருந்தா நல்லா ஆடறீன்னு நெனச்சுக்குவேன்” என்றார்.

அவனுடைய விளையாட்டை அவ்வளவு சரியாகச் சொன்னவர்கள் வேறு யாரும் இல்லை.

கடைசியாக அவன் முகத்தைப் பெரிதாகக் காட்டியது கொல்கத்தாவில். மழை பெய்த மைதானம். திரும்பும்போது இடது கால் மண்ணிலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். முட்டியில் ஆபரேஷன் முடிந்து, கிளப் அவனை விடுவித்து, ஊருக்கு வந்து எட்டு மாதமாகிவிட்டது. முப்பத்துமூன்று வயதில் ஸ்டாப்பர் ஆட்டத்தை விடுவது ஒன்றும் புதிதல்ல. அதில் அவனுக்கு வருத்தமில்லை. ஆனால் மைதானத்தை விட்டுத் தூக்கிக்கொண்டு போனதுதான் கடைசி என்று இருக்கக் கூடாது. இன்னும் ஒரு சீசன். அதன் முடிவில் தன் காலால் நடந்து வெளியே வர வேண்டும். இதை மனைவி நர்மதாவிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

மாசியில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நோன்பு சாட்டினார்கள். காப்புக் கட்டும் அன்று சாயங்காலம் பறை அடித்துக்கொண்டு ஊர் எல்லையைச் சுற்றி வருவார்கள். பறை சுற்றி முடிக்கும்போது ஊருக்குள் இருக்கிறவர்கள், நோன்பு முடிகிறவரை ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கோயிலில் விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். ஊரில் பாதிப் பேர் லாரியிலும் போர்வெல் போடும் ரிக் வண்டியிலும் பிழைக்கிறவர்கள். அவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். லோடு இருக்கிறவர்கள் பறை கிளம்புவதற்கு முன்பே வண்டியோடு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அக்கரையில் நின்றுகொள்வார்கள். பறைச் சத்தம் அடங்கியபின் ஊருக்குள் வந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். அவர்களை அம்மன் கட்டுப்படுத்த மாட்டாள். வருஷா வருஷம் பாலத்துக்கு அந்தப் பக்கம் லாரிகள் வரிசையாக நிற்கும்.

“நீயும் செத்த நேரம் அக்கட்ட போயி நின்னுட்டு வா. போன் கீன் வந்துச்சுன்னா?” என்றார் அருணகிரி.

“வராதுங்கப்பா.”

“வந்துச்சுன்னா?”

“எட்டு மாசமா வராதது இன்னைக்கா வருது.”

பாலத்தில் நின்ற டிரைவர்களில் ஒருவன் சத்தம் போட்டான். “ஏப்பா ஸ்டாப்பரு, வாரியா? இல்ல ஊட்லயே கோழி மேய்க்கறதுன்னு முடிவாயிருச்சா?”

அவன் சிரித்துக் கையாட்டினான். போகவில்லை. பாலத்தில் போய் நின்றால், போனுக்குக் காத்திருக்கிறான் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பறை சுற்றி முடிந்தது. அத்தாயி அவனுடைய முட்டிக்காக, மகன் குண்டம் இறங்கித் தீ மிதிப்பான் என்று வேண்டியிருந்தாள். பூசாரி அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. கதிர்வேல். வாழப்பாடிக்காரன், விடுதியில் அவனோடு இருந்த கோல்கீப்பர், இப்போது பெங்களூரில் ஒரு கிளப்பில் உதவிப் பயிற்சியாளர்.

“எங்க ஸ்டாப்பருக்குக் கால் உடைஞ்சிடுச்சுடா. சனிக்கிழமைக்குள்ள வேற ஆளப் பதியணும். முட்டி எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குது.”

“பொய் சொல்லாத.”

“வாரேன், நீயே பாரு.”

நர்மதா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போனை வைத்ததும், “ஏனுங் மாமா, போயிட்டுப் பொழுதோட வந்தர முடியுங்களா?” என்றாள்.

வெளிக்கட்டிலிருந்து அருணகிரி சொன்னார். “நானே ஓட்டறேன். வெளக்கு வெக்கறதுக்குள்ள கொண்டாந்து சேக்கறேன்.”

விடியுமுன் சொந்தக்காரர் ஒருவரின் காரில் கிளம்பினார்கள். அருணகிரிக்குக் காரின் ஸ்டியரிங் கைக்குள் அடங்காமல் சின்னதாக இருந்தது. தொப்பூர் கணவாயைத் தாண்டியபிறகுதான் பேசினார்.

“அவனுக ஓடச் சொன்னா ஓடோணுமா?”

“ஆமாங்க.”

“நீதான் ஓடவே மாட்டியே.”

மைதானம் பெங்களூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் இருந்தது. பிசியோ பெண் ஒருத்தி முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு ஓட விட்டார்கள். நேராக ஓடினான். மூச்சு வாங்கினாலும் கால் சொன்னபடி கேட்டது. பிறகு கூம்புகளை நட்டு அவற்றைச் சுற்றித் திரும்பச் சொன்னார்கள். வலப்பக்கம் திரும்புவது சுலபமாக இருந்தது. இடப்பக்கம் திரும்பும்போது ஒரு அடி கூடுதலாக வைத்துச் சமாளித்தான். கதிர்வேல் அதைக் கவனிக்கவில்லை. செந்தமிழன் எப்போதுமே மெதுவாகத் திரும்புகிறவன்தான். அருணகிரி கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கதிர்வேல் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். “ஓகேடா. நாளைக்குக் காலையில ஒரு பயிற்சி ஆட்டம். ஹெட் கோச் உன்னை நேர்ல பாக்கணும்ங்கிறார். அது முடிஞ்சா கையெழுத்து. இன்னைக்கு இங்கயே தங்கிக்க.”

அவன் உடைமாற்றும் அறைக்குப் போனான். யாருமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முட்டியின் மேல் விரலை வைத்து அழுத்தினான். தோலுக்கடியில் நீர் நகர்ந்து அந்தப் பக்கம் போயிற்று. எடுத்தவுடன் திரும்பி வந்தது. இந்த மாதங்களில் அவன் நன்றாகப் பழகிக்கொண்ட விஷயம் அது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வீங்கும். காலையில் மடங்காது. ஹெட் கோச்சுக்கு முன்னால் அரைமணி நேரம் தாங்கினாலே பெரிது. அதற்கப்புறம் மறுபடி யாராவது வந்து தூக்க வேண்டியிருக்கும்.

பிறகு பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

“தங்க முடியாது” என்றான்.

“ஏன்?”

மணிக்கட்டைக் காட்டினான். “காப்புக் கட்டியிருக்குது. ராத்திரி ஊர்லதான் இருக்கணும்.”

கதிர்வேல் சிரித்தான். சிரித்தது அவன் மட்டும்தான் என்று தெரிந்ததும் நிறுத்தினான். “டேய், எங்க ஊர்லயும்தான் காப்புக் கட்றாங்க. அதுக்காக? உன் வாழ்க்கைடா இது. அவர்கிட்ட நான் என்ன சொல்றது, கயிறு கட்டியிருக்கான்னா?”

“அப்படியே சொல்லு.”

“விடுதியில இருந்தப்ப திருநீறுகூடப் பூச மாட்ட நீ.”

“இப்பக் கட்டியிருக்கேன்ல.”

கதிர்வேல் அவனை ஏற இறங்கப் பார்த்தான். கோல்கீப்பராக அவன் முதுகையே பல வருஷம் பார்த்தவன். ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் கேட்டிலிருந்து அருணகிரி வந்துவிட்டார்.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஊர்க் கட்டு. மீறுனா நாளைக்கு நாங்க அங்க தலகாட்ட முடியாதுங்க. நேரமாச்சு, வாரமுங்க” என்றார். சத்தம் தேவைக்கு அதிகமாக இருந்தது.

காரின் முன்கதவை அவன் திறக்கப் போனான். அருணகிரி அதைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்தார். “அங்க உக்காந்துக்க. நல்லா நீட்டிக்கலாம்” என்றார். எதை நீட்டுவது என்று அவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. இடது காலை சீட்டின் மேல் நீளமாகப் போட்டுக்கொண்டான். ஓமலூரில் ஒரு கடையில் ஐஸ் வாங்கித் துண்டில் கட்டிக் கொடுத்தார். குடிக்கவா என்று கடைக்காரர் கேட்டதற்கு, “சாமிக்கு” என்றார்.

விளக்கு வைப்பதற்குள் பாலத்தைத் தாண்டிவிட்டார்கள். அருணகிரி காரை விட்டு இறங்கியதுமே கோயில் முன்னால் நின்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பெங்களூரில் வேலை கிடைத்தது. கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். காப்புக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அடுத்த நாள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. அத்தாயி பெருமையும் வருத்தமுமாக, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். பாலத்திலிருந்து கிண்டல் செய்த டிரைவர் லைனிலிருந்து போன் செய்து மன்னிப்புக் கேட்டான். ஊர்ப் பெரியவர்கள் கூடி, இந்த வருஷம் பூசாரிக்கு அடுத்து செந்தமிழன்தான் குண்டம் இறங்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

நர்மதா முட்டிக்குத் துணி சுற்றும்போது கேட்டாள். “நெசமாலுமே காப்புக்காகத்தான் வந்தீங்களா மாமா?”

அவன் காலை இன்னும் கொஞ்சம் நீட்டினான். அவள் துணியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள். “வேட்டிய எறக்கிக் கட்டுங்க. தெரியாது” என்றாள்.

சனிக்கிழமை கதிர்வேலிடமிருந்து போன் வரவில்லை. பிறகும் வரவில்லை.

குண்டம் காலையில். நெருப்பைத் தட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். பூசாரி ஓடினார். எல்லோரும் ஓடித்தான் கடப்பார்கள், வேகமாகப் போனால் சுடாது. அடுத்து செந்தமிழன். அவன் ஓடவில்லை. இடது கால் மடங்காததால் அதை நீட்டியபடியே எடுத்து வைத்து, ஒவ்வொரு அடியாக நடந்தான். கூட்டத்தில் முதலில் சத்தம் அடங்கியது. பிறகு பெண்கள் குலவையிட்டார்கள்.

“பாரு, ஓடறானா பாரு” என்று யாரோ சொன்னார்கள். “நடந்து போறான்டா. அவனுக்குள்ள ஆத்தா எறங்கிட்டா.”

பாதம் சுட்டது. அவன் எதிரே பார்த்தான். குண்டத்தின் முடிவில், பால் ஊற்றி வைத்திருந்த குழிக்கு இடப்பக்கமாக அருணகிரி நின்றார். மகன் விழுந்தால் அந்தப் பக்கம்தான் விழுவான். கையை நீட்டவில்லை. நீட்டினால் தெரிந்துவிடும். இரண்டு கைகளையும் கும்பிட்டபடி, எந்த நேரமும் பிரிக்கத் தயாராக வைத்திருந்தார்.

பிரிக்க வேண்டி வரவில்லை. செந்தமிழன் பால் குழியில் கால் வைத்து, அப்பாவைத் தாண்டி, கூட்டம் விட்ட வழியில் நடந்து வெளியே போனான்.