சோப்பின் பேர்

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் நான் மூன்றாம் வகுப்பு. இராமநாதபுரத்திலிருந்து ஒலிபெருக்கி கட்டிய வேன் எங்கள் தெருவுக்கு நான்கு முறை வந்தது. முத்து சோப் ஒன்று வாங்கினால், பார்வையற்ற பிள்ளைகள் பள்ளிக்குக் கம்பெனி ஐந்து காசு கொடுக்குமாம். தெருவே அந்த சோப்புக்கு மாறியது.

அடுத்த மாதம் மதராஸிலிருந்து கம்பெனி ஆள் வந்தார். விளம்பரம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். பெண்களிடம் மட்டும் இரண்டு கேள்வி: எந்த சோப், காசு யாருக்குப் போகிறது? பத்துப் பேர் இரண்டையும் வாயால் சொன்னால் தெருப் பிள்ளைகளுக்குத் தோல் பந்து. வேனில் அதைப் பார்த்துவிட்டேன். அதுவரை நாங்கள் உதைத்தது பனங்காய். என் கட்டைவிரலில் நகமே இல்லை.

பதினேழு வீடு. எல்லாரும் பள்ளியைச் சரியாகச் சொன்னார்கள். பெரியம்மா, அந்தப் பிள்ளைகளுக்கு ராத்திரி என்ன சாப்பாடு என்று அவரையே விசாரித்தாள். சோப்பின் பேர் கேட்டால் மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சித்தி சோப்பையே எடுத்துவந்து காட்டினாள். காட்டினால் செல்லாது என்று அவர் வருத்தத்தோடு பெருக்கல் குறி போட்டார். பேர் சொன்னவர்கள் ஆறே பேர்.

கடைசி வீடு எங்களுடையது. நான் அழ ஆரம்பித்தேன்.

"தெனம் தேய்க்கிறியேம்மா, இதுகூடவா மறந்துபோச்சு?"

அம்மா என் காலைப் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெருக்கோடிவரை கேட்கும்படி, "முத்து" என்றாள்.

மாட்டுக் கொட்டிலிலிருந்து அய்யா எட்டிப் பார்த்தார். "என்னைய எதுக்குக் கூப்பிடுற?"

தெரு சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. "ஏண்டி, பத்து வருசமா அடக்கி வச்சிருந்தியாக்கும்?" என்று பெரியம்மா அம்மாவின் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு அவளும் சொன்னாள். இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். பந்து எங்களுக்கு.

முத்துமாரி கோயில் ஊர் எங்களுடையது. பதினொரு வீட்டில் புருஷனோ மாமனாரோ முத்து, முத்தையா, முத்துச்சாமி. அந்தப் பேரைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வது வழக்கமில்லை. இதெல்லாம் நான் பிற்பாடு எண்ணிச் சரிபார்த்த கணக்கு.

அன்றைக்கு எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. எங்கள் தெருப் பெண்களுக்கு ஞாபகமறதி என்று வாத்தியாரிடம் சொன்னேன். வல்லாரை நல்லது என்றார். கண்மாய்க் கரையில் பறித்து மூன்று கட்டு கொண்டுவந்து, இனி அய்யா பேர் மறக்காது என்று அம்மாவிடம் கொடுத்தேன். அவள் ஏன் முகம் சிவந்து உள்ளே ஓடினாள், அய்யா ஏன் அந்தக் கீரையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.