கூந்தலைச் சுற்றிப் பிடித்த கை

மூன்று வருடத்துக்கு முன், மாசி மாதம். கனடாவில், ஸ்காபுறோவில் ஒரு முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது என்று எனக்கு வேலை. அங்கே எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார். ஞாபகமும் பேச்சும் போய்விட்டன. இடுப்புக்குக் கீழே தொங்கிய நரைத்த கூந்தல் மட்டும் போகவில்லை. சீப்போடு கிட்டப் போனால், அதை இடக்கையில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

எனக்கோ தலைவிரிகோலத்தைக் கண்டாலே ஆகாது. செத்த வீட்டில்தானே நாங்கள் தலையை விரித்துப் போடுவோம்! போதாததற்குப் பிடரியில் சிக்கு விழுந்து கட்டியாகிவிட்டது. கூட வேலை செய்த எங்கள் ஊர் அக்கா, "உது தலையோ, குருவிக்கூடோ? வெட்டிவிடு பிள்ளை. ஆருக்குக் காட்டப் போறா?" என்றார். பிறம்ரனில் இருந்த ஒரே உறவான பெறாமகளும், கூடப்பிறந்தவரின் மகள்தான், போனில் சம்மதித்தார். ஒரு வியாழக்கிழமை, அக்கா இரண்டு கையையும் பிடிக்க, நான் ஒரு பக்கத்தைக் கத்தரித்தேன். அவர் போட்ட சத்தம் இருக்கிறதே, ஐயோ! மிச்சத்தைத் திங்கட்கிழமை பின்னேரம் வெட்டுவோம் என்று விட்டுவிட்டோம்.

திங்கள் காலை, எல்லோரும் கூடியிருக்கும் அறையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஆவணப்படம் போட்டார்கள். அறுபதுகளில் வீட்டை விட்டு ஓடிவந்து, டவுன்டவுனில் இடிக்கக் கிடந்த ஒரு வீட்டில் கூட்டமாக வாழ்ந்த ஹிப்பிப் பிள்ளைகளைப் பற்றியது. இப்போதும் அதைத் தேடித் தேடிப் பார்க்க ஆட்கள் உண்டாம். 'தலை இழுக்காத, சீப்பே படாத கூட்டம்' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நான் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் பதினெட்டு வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை ஒன்று படியில் வந்து உட்கார்ந்தது. பேசத் தொடங்குமுன் கூந்தலை இடக்கையில் சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று.

நான் திரும்பிப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் இவரும் மிச்சமிருந்த கூந்தலைச் சுற்றிக்கொண்டிருந்தார். உதடுகளும் அசைந்தன, சத்தமே இல்லாமல், அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல் முன்னாலேயே அசைந்தன. பதினைந்து வயதில் அப்பா தன் இரண்டு கையையும் பிடிக்க, அம்மா கூந்தலைக் கத்தரித்தாராம். அன்றைக்கே வீட்டை விட்டு வெளிக்கிட்டதாம். இனி ஒருத்தரும் தன் கையைப் பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டு, பிள்ளை நேரே கமராவைப் பார்த்தது. இவர் என்னைப் பார்த்தார்.

பட்டப்பகலில், அத்தனை பேருக்கு நடுவில், எனக்கு முதுகு சில்லிட்டுப் போயிற்று. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அக்காவிடம் ஓடினேன்.

"இனி அவவிலை கத்தரிக்கோல் வைக்கேலாது. நான் விடமாட்டன்."

"உனக்கென்ன, பேய் பிடிச்சிட்டுதோ?"

"ஓம், அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ."

வெட்டு நின்றது. பிறகு பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருவர் எண்ணெய் வைத்து, பத்து நாளாகச் சிக்கை விரலால் பிரித்தெடுத்தார். அந்தப் பெண்ணுக்கு இவர் சத்தம் போடாமல் தலையைக் கொடுத்தார். நான் கதவடிக்கு வந்தால் மட்டும் இரண்டு கையையும் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வார். சாகும்வரை அப்படித்தான். வெட்கத்தில் நான் எத்தனையோ நாள் வாசலோடு திரும்பியிருக்கிறேன்.

ஞாபகமே இல்லாதவர் என்று நாங்கள் நினைத்த அந்த மனுஷி, நான் செய்ததை மட்டும் மறக்கவில்லை. இன்றைக்கும் எவருடைய கையைத் தொடுமுன்பும், பதில் வராது என்று தெரிந்தாலும், ஒருதரம் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.