ஆறடி வெயிலும் எட்டுத் தக்காளித் தொட்டியும்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் நானே ஒளிந்திருந்தேன். தலையில் குரங்குக் குல்லா, கையில் மடக்கிய குடை, முன்னால் தண்ணீர் டிரம். எட்டு மணிக்கு முன் நான் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் திருடனைப் பிடிக்க வேண்டுமே?

திருட்டுப் போவது நகையல்ல... தக்காளிப் பூ.

கோத்தகிரி வீடுகளில் நகையைவிடப் பத்திரமாகக் காக்கப்படுவது வெயில். எங்கள் வாசலில் அது சரியாக ஆறடி நீளத்துக்கு விழும். அங்கேதான் என் மனைவி சுமதியின் துணிக்கொடி இருந்தது. சித்திரை மாதம் அதை அவிழ்த்துவிட்டு, முழங்கால் உயரக் கல்சுவர் மேல் குட்டைத் தக்காளி ரகத்தை ஏழு தொட்டியில் வரிசையாக வைத்தேன். எட்டாவது நாற்று பஸ்ஸில் வரும்போதே வளைந்துவிட்டது. வரிசையின் அழகைக் கெடுக்கிறதே என்று அதை டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டு மறந்தும்போனேன்.

சுமதி கோயம்புத்தூர்க்காரி. கோபத்திலும் மரியாதை குறையாது.

"ஏனுங்க, ஆடி பொறக்கறதுக்குள்ள உங்க தக்காளி ஒண்ணாச்சும் ரசத்துல உளுகோணும். இல்லீனா தொட்டியத் தூக்கிப்போட்டு நான் கொடியக் கட்டீருவேனுங்க."

அதுவரை ஈரத்துணிகள் எல்லாம் அடுப்புக்கு மேலே. என் சட்டையில் இப்போதும் கடுகு தாளித்த வாசனைதான்.

செடிகள் என்னவோ ஜம்மென்று வந்தன. ஏழும் ஒரே உயரம், உச்சியில் தட்டு வைத்தால் நிற்கும். 'என் செடிகளின் ஒழுங்கைப் பாருங்கள்' என்று இதே பக்கத்தில் பீற்றிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆனால் பூ? மொட்டு தெரியும். ஓரிரு நாளில் காணாமல் போகும்.

நத்தையைச் சந்தேகப்பட்டேன். குரங்கை, காட்டெருமையை... உண்மையைச் சொன்னால், துணிக்கொடியை இழந்த சுமதியையும்கூட. நாற்று விற்ற கடைக்காரரிடம் போய் முறையிட்டேன்.

"இது குட்டை ரகமுங்க. நுனியக் கிள்ளவே கூடாதுங்க. பூவு அங்கதான் வரும்."

"யாருங்க கிள்றாங்க?" என்று கேட்டுவிட்டு வந்தேன். கேள்வி வீடு வரை கூடவே வந்தது. அதனால்தான் அந்தக் காவல்.

ஏழேகாலுக்கு, பக்கத்து வீட்டுக் காமாட்சி அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். சிறுவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து, முப்பது வருஷமாக இங்கே, 'ரெண்டு இலை, ஒரு மொட்டு' என்ற எஸ்டேட் கணக்கில், தேயிலைக் கொழுந்து பறிப்பவர். தேயிலை விலை விழுந்ததிலிருந்து எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. வேலையில்லாத நாட்களில் இந்த நேரத்துக்கு வந்து சுமதியோடு பேசுவார் என்பது எனக்குத் தெரியும். பேசும்போது என்ன செய்வார் என்பதுதான் தெரியாது.

சுமதி வெளியே வந்ததும், பேச்சு அக்காவின் மருமகளில் ஆரம்பித்தது. அக்காவின் கண் சுமதி முகத்தில். சுமதியின் கண் அக்கா முகத்தில். கைகள் மட்டும் தனியாக வேலையில் இறங்கின. முதல் செடி... நுனி, நுனி, நுனி. கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் ஒரு வீச்சு. கூடை இருக்க வேண்டிய இடத்தில் கூடை இல்லை. கொழுந்து நேராக அவருக்குப் பின்னால் இருக்கும் ஓடையில் விழுந்தது. அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவர், அதன் மேல் தொட்டி, அதில் குட்டைச் செடி... மொத்தம் இடுப்பு உயரம். தேயிலைச் செடியின் உயரத்தைப் பார்த்துப் பார்த்து நானே அமைத்துக் கொடுத்திருக்கிறேன்.

குடையோடு எழுந்தேன். "அக்கா, கைய நிறுத்துங்க."

அவர் தன் கையைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல.

"அய்யய்யோ... நானா தம்பி? எனக்குத் தெரியவே இல்லியே."

"ரெண்டு மாசமா நீங்கதான்."

அவர் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பார்வை பார்த்தார். வெட்கத்துக்கு நடுவிலும் தொழில் தலைதூக்கியது. "ஆனா மட்டம் நல்லா வந்திருக்கு, பாருங்க."

சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது.

"வேல இல்லாட்டி கை சும்மா இருக்க மாட்டேங்குது தம்பி. ஒடம்பு வீட்ல இருக்குது, கை மலையில இருக்குது."

ஒரு கொழுந்துக்காரியைப் பிடிக்கவா குடையெடுத்தோம் என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. பின்வாங்கியபோது முழங்காலில் ஏதோ உருண்டையாகத் தட்டியது. டிரம்முக்குப் பின்னால் நான் நாடு கடத்திய கோணல் செடி. அக்காவின் கைக்கு எட்டாத ஒரே செடி. அதில் மூன்று பச்சைத் தக்காளி.

மறுநாள் அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேச வந்தார். பேச்சே வரவில்லை. மருமகள் பாதியிலேயே நின்றுவிட்டாள். அந்தக் கதைக்காகக் காத்திருந்த சுமதிக்குத் தாங்கவில்லை. தீர்ப்பு வந்தது.

"ஏனுங்க, அந்த ஏழும் அக்காளுக்கு. கோணச்செடி உங்களுக்கு."

"அப்ப கொடி?"

"அக்கா கிள்ளற எடத்துல நான் எப்படிங்க கொடி கட்டறது?"

ஆக, சட்டைகள் அடுப்புக்கு மேலேயே.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது ஒரு தக்காளி பழுத்தது. முதல் பழத்தை அக்காவே பறிக்கட்டும் என்று சுமதி கூப்பிட்டாள். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். கவனமாகக் குனிந்தார். கிள்ளி, என் உள்ளங்கையில் வைத்தார்.

எஸ்டேட் கணக்குப்படி சுத்தமான பறிப்பு: ரெண்டு இலை, ஒரு தக்காளி.