கேட்டுக்குள் போகிற மிஷின்

காளீஸ்வரிக்குக் குழப்பம் வந்தால் சோறு இறங்காது. அந்த வாரம் முழுக்க அவள் தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

பதினோரு வருசம் தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி அடைத்தவள். அடைக்க மிஷின் வந்ததும் வேலை போனது. பிறகு ஒரு டாக்டர் வீட்டில் பாத்திரம் கழுவப் போனாள். அந்த வீட்டு வாசலில் புல்தரை புதராய் மண்டிக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் கத்தரியை எடுத்து வெட்டிவிட்டாள். டாக்டரம்மா நாலு பேரிடம் சொல்ல, இப்போது மூன்று வீடு, ஒரு பள்ளிக்கூடம். மழைக்கே வழியில்லாத கரிசலில் லாரித் தண்ணி வாங்கிப் புல்லுக்கு ஊற்றுகிறார்களே என்று சிரித்தவளுக்கு அந்தப் புல்தான் சோறு போட்டது. ஆனால் குத்தவைத்துக் குத்தவைத்து முழங்கால் ரெண்டும் போய்விட்டன.

இந்த நேரத்தில்தான் பழைய கம்பெனியிலிருந்தே ஆள் வந்தது. புது ஆபீஸ் முன்னால் புல்தரை போட்டிருக்கிறார்களாம். திங்கட்கிழமை புல்வெட்டுகிற மிஷினோடு வந்து ஒருதடவை வெட்டிக் காட்டச் சொன்னார் கூட வந்திருந்த மேனேஜர். பிடித்திருந்தால் வருசம் முழுக்க அவளுக்குத்தான். கத்தரியோடு வரவேண்டாம் என்றும் சொன்னார். அவருக்கு அவளை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. இந்த வேலை அமைந்தால் பாத்திரம் கழுவுவதை விட்டுவிடலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஹிதாயத்துல்லா பாயின் மிஷின் கடையில் போய் நின்றாள். அவர் பாவம், ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டினார். பெட்ரோல் மிஷினுக்கு இழுவை அதிகம். கரண்டு மிஷின் லேசு, ஆனால் வயரையும் சேர்த்து வெட்டிவிடக் கூடாது. பேட்டரி மிஷின் முக்கால் மணி நேரம் ஓடும், அதற்குப் பிறகு சார்ஜ் ஏறும்வரை சும்மா உட்கார வேண்டியதுதான். மூலையில் தூசி படிந்து ஒன்று கிடந்தது. கையால் தள்ளினால் உருளையில் இருக்கிற கத்தி சுற்றும். அதை யாரும் கேட்பதில்லை என்று அவரே தாண்டிப் போய்விட்டார்.

வீட்டுக்காரன் கருத்தையா ஆட்டோ ஓட்டுகிறவன். இஞ்சின் இல்லாததெல்லாம் அவனுக்கு மிஷினே இல்லை. பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் பேட்டரிதான் என்று அடித்துச் சொன்னார். போனில் பார்த்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் மிஷின் மேலேயே உட்கார்ந்து போனான். அவன் தோட்டத்தில் ஒரு வெடிப்பு இல்லை, ஒரு கல் இல்லை. ஒவ்வொருத்தர் பேச்சும் கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. தாங்க முடியாமல் வெள்ளிக்கிழமை பெட்ரோல் மிஷினையே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறமும் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை புல்தரையை ஒருதடவை பார்த்துவிடலாம் என்று கம்பெனிக்குப் போனாள். கேட்டில் அதே வாட்ச்மேன் பிச்சையா. அவர் கேட்குமுன்னே அவள் கை தானாகப் போனை எடுத்துக் கேட்டில் இருக்கிற பெட்டிக்குள் போட்டது. இடுப்பு முந்தானையையும் உதறிக் காட்டினாள். தீக்குச்சி செய்கிற இடத்துக்குள் ஒரு தீக்குச்சி கொண்டுபோக முடியாது. உதறின முந்தானையைச் செருகாமலே அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, பெட்ரோல் மிஷின உள்ள விடுவீயளா?"

"ஏட்டி, ஒனக்குக் கோட்டியா புடிச்சிருக்கு?" என்றார் பிச்சையா.

அப்படியானால் பேட்டரியா என்று யோசித்துக்கொண்டே புல்லுக்குள் காலை வைத்தாள். சுருக்கென்று குத்தியது. கரிசல் வெடிக்காமலிருக்க அடியில் சரளை கொட்டியிருக்கிறார்கள், அது அங்கங்கே மேலே வந்துவிட்டது. பேட்டரியானாலும் வேகமாய்ச் சுற்றுகிற கத்தி அதில் பட்டால் பொறி பறக்கும். நாலடி தள்ளித் தீக்குச்சி காய்கிற ஷெட். பதினோரு வருசம் இங்கே கிடந்துவிட்டு இதைப் போய் மறந்தோமே என்று அவளுக்கு வெட்கமாயிருந்தது.

நேரே பாய் கடைக்குப் போய் மூலையில் கிடந்த, கையால் தள்ளுகிற மிஷினைத் தூசி தட்டி எடுக்கச் சொன்னாள். கருத்தையா ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை விடியவும் போய்க் குத்தவைத்து ஒவ்வொரு கல்லாய் மடியில் பொறுக்கினாள். எந்த முழங்காலைக் காப்பாற்ற மிஷின் வாங்கினாளோ அதே முழங்கால்தான். பிறகு தள்ள ஆரம்பித்தாள். மேனேஜர் வந்து பின்னால் நின்றார்.

"என்னம்மா, சத்தமே இல்ல. மிஷின் ஓடுதா?"

"பின்னால பாருங்க சார்."

பார்த்தார். அவள் வந்த வழியெல்லாம் ஒரே மட்டமாய் இருந்தது. இதற்குமுன் ரெண்டு பேர் பெட்ரோல் மிஷினோடு வந்து கேட்டோடு திரும்பிப் போனதைச் சொல்லி, உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"பதினோரு வருசம் இந்தக் கேட்டுலதான சார் என்னையச் சோதிச்சு உள்ள விட்டீய."

"நீ இங்கனயா வேலை பாத்த?" என்றார் மேனேஜர்.

அவளை நிறுத்தின காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். இனி வருசம் முழுக்க நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போனார். சந்தோசப்படுவதா கோபப்படுவதா என்று காளீஸ்வரிக்குத் தெரியவில்லை. இன்னும் பாதித் தரை மிச்சமிருந்தது. தள்ளினாள்.